ஷட்டில் பேட் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள்

போன மாதம் அண்ணன் மகளுக்கு ஷட்டில் பேட் வாங்க கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ் ஏறினோம். எட்டாவது படிக்கிறாள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் நம் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் பேட்மிண்டனில் வெள்ளி வாங்கியதை டிவியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே கிடையாது. கடைக்குள் கால் வைத்ததுமே சுவரில் தொங்கிய ஒரு கறுப்பு பேட்டைக் காட்டி "சித்தப்பா, அதுதான்" என்றாள். இறக்கிக் கையில் வாங்கிப் பார்த்தேன். தலைப் பக்கம் கனம், ஷாஃப்ட் (தலையையும் கைப்பிடியையும் சேர்க்கும் தண்டு) கம்பி மாதிரி விறைப்பு, விலை பத்தாயிரத்துக்கு மேல். அருமையான பேட், சந்தேகமே இல்லை. ஆனால் அதை வைத்து அவள் ஒரு மாதம் ஆடியிருந்தால் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருப்பாள்.

மஞ்சக்குப்பம் பக்கம் காலை செட்டில் பல வருஷமாக ஆடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணா, எந்த பேட் நல்லது?" யார் கைக்கு என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. செருப்பு மாதிரிதான் இது, அளவு தெரியாமல் நல்ல செருப்பு என்று ஒன்று இல்லை. அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் சில விஷயங்களை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் ஆடுகிறீர்கள், மொட்டை மாடியிலா உள்ளரங்கிலா, டபுள்ஸா சிங்கிள்ஸா, அடிக்கிற காக் (ஷட்டில்காக்) பிளாஸ்டிக்கா இறகா, அப்புறம் முக்கியமாக, பின்கோட்டில் நின்று அடித்தால் எதிர்ப் பக்கத்துப் பின்கோடு வரைக்கும் காக் போகிறதா. கோர்ட்டின் நீளம் 13.40 மீட்டர். கை முழுக்க சுற்றி அடித்தும் காக் முக்கால் தூரத்திலேயே விழுகிறது என்றால் நீங்கள் வாங்க வேண்டிய பேட் ஒரு வகை, சிரமமில்லாமல் போய் விழுகிறது என்றால் வேறு வகை. இந்த ஒரு சோதனை கடைக்காரர் சொல்லும் பத்து விஷயத்துக்குச் சமம்.

தெருவிலும் மாடியிலும் சாயங்காலம் அரை மணி நேரம் ஆடுவதற்கு ஜோடியாக விற்கிற இரும்பு ஷாஃப்ட் பேட்டே போதும், அதற்கு மேல் செலவழிக்காதீர்கள். ஃபிரேமும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் டி வடிவத்தில் தனியாக ஒரு இணைப்பு தெரிந்தால் அது அந்த வகைதான். அதை உள்ளரங்குக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். கனம் அதிகம், அடிக்கிற அதிர்வு முழுக்க முழங்கைக்கு வரும், நம் கடலோர உப்புக் காற்றுக்கு ஒரே மழைக்காலத்தில் துருப் பிடிக்க ஆரம்பித்துவிடும். வாரத்துக்கு இரண்டு நாளாவது ஆடப் போகிறீர்கள் என்றால் ஃபிரேம், ஷாஃப்ட் இரண்டுமே கிராஃபைட்டாக இருக்கட்டும். கடலூர் சில்வர் பீச்சில் ஆடுவதற்கு எந்த பேட் என்று ஒருத்தர் கேட்டார். அந்தக் காற்றில் காக் பந்தைக் கோர்ட்டுக்குள் நிறுத்த எந்த பேட்டாலும் முடியாது, அங்கே வாலிபால் ஆடுங்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய பலர் கம்பளிப் பந்து வைத்து ஆடும் பூப்பந்தில் வளர்ந்தவர்கள். 1856 வாக்கிலேயே தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடியதாகச் சொல்லப்படும் ஆட்டம் அது, நம் மண்ணின் ஆட்டம், அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அந்த பேட் 165 முதல் 185 கிராம் வரை இருக்கும், ஷட்டில் பேட் அதில் பாதிதான். பூப்பந்து ஆடிய கை, தோளிலிருந்து மொத்தமாகச் சுழற்றும். அந்தப் பழக்கத்தில் இருப்பவர்கள் ஷட்டில் பேட்டைக் கையில் எடுத்ததும் "காத்து மாதிரி இருக்கு, கனமா ஒண்ணு கொடு" என்று கேட்டு வாங்கிவிடுகிறார்கள். ஷட்டிலுக்கு வேகம் முன்கையிலும் மணிக்கட்டிலும் விரலிலும் இருந்துதான் வர வேண்டும். அதனால் பூப்பந்தில் இருந்து வருகிறவர்கள் முதல் பேட்டைக் கொஞ்சம் லேசாகவே எடுங்கள், கை தானாகப் பழகிக்கொள்ளும்.

சரி, எடை. கைப்பிடிக்கு மேலே கூம்பு மாதிரி இருக்கும் இடத்தில் 3யூ, 4யூ, 5யூ என்று போட்டிருப்பார்கள். எண் கூடினால் எடை குறையும், இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 3யூ என்றால் 85 முதல் 89 கிராம், 4யூ 80 முதல் 84, 5யூ 75 முதல் 79. நரம்பும் மேல் கிரிப்பும் (கைப்பிடியின் மேல் சுற்றும் பட்டை) சேராத எடை இது. எல்லா கம்பெனியும் யூ போடுவதில்லை, குழப்பமாக இருந்தால் எத்தனை கிராம் என்று நேராகவே கேளுங்கள். டபுள்ஸ் ஆடுகிற பெரியவர்கள் பெரும்பாலோருக்கு 4யூ சரியாக இருக்கும், யோசிக்க நேரமில்லாதவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கும், தோள் வலி உள்ளவர்களுக்கும் 5யூ. பத்து வயதுக்கும் கீழே என்றால் நீளம் குறைந்த ஜூனியர் பேட் தனியாகவே வருகிறது. பெரியவர்கள் நீளத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விதிப்படி 680 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கடையில் தொங்குவதில் பெரும்பாலானவை 665, 675 என்று இருக்கும்.

ஆனால் எடையை விட பேலன்ஸ்தான், அதாவது கனம் தலைப் பக்கமா கைப் பக்கமா என்பதுதான், கையில் தெரியும். ஒரே 84 கிராமில் இரண்டு பேட் இருக்கும், ஒன்று சுத்தியல் மாதிரி இருக்கும், மற்றது விசிறி மாதிரி இருக்கும். அன்றைக்குக் கடையில் அண்ணன் மகளுக்கு இதைத்தான் செய்து காட்டினேன். ஆள்காட்டி விரலை நீட்டச் சொல்லி, பேட்டைப் படுக்கையாக அதன் மேல் வைத்து, ஷாஃப்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தச் சொன்னேன். ஒரு இடத்தில் இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள். கைப்பிடியின் அடி நுனியிலிருந்து அந்த இடம் வரை கடைக்காரரின் டேப்பை வைத்து அளந்தோம். அவள் ஆசைப்பட்ட கறுப்பு பேட் 305 மில்லிமீட்டர் காட்டியது. ஏறக்குறைய 295க்கு மேல் போனால் ஹெட் ஹெவி (தலை கனம்), 285க்குக் கீழே வந்தால் ஹெட் லைட் (தலை லேசு), இடையில் இருந்தால் ஈவன் (சமம்). கடைக்குக் கடை, கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் முன்னே பின்னே சொல்வார்கள், அதில் தவறில்லை. ஆனால் அளக்கும்போது நரம்பு கட்டியிருக்கிறதா, மேல் கிரிப் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் அளவை மாற்றும். நரம்பு இல்லாத பேட்டையும் நரம்பு உள்ள பேட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

ஹெட் ஹெவி என்பது பின்னால் நின்று ஸ்மாஷ் அடிக்கிறவர்களுக்கு. தலைக் கனம் காக்கில் இறங்கும், ஆனால் நெட் பக்கத்தில் சட்டென்று பேட்டைத் திருப்ப நேரம் எடுக்கும். டபுள்ஸில் முன்னால் நிற்கிறவர்களுக்கும், உடம்புக்கு நேராக வரும் அடியைத் தடுத்துத் தடுத்து ஆடுகிறவர்களுக்கும் ஹெட் லைட் சுகம். இன்னும் எந்த ஆட்டம் உங்கள் ஆட்டம் என்றே தெரியவில்லை என்றால் ஈவன் எடுங்கள். முதல் பேட் வாங்குகிற யாருக்கும் நான் வேறு எதையும் சொன்னதில்லை.

ஷாஃப்டின் விறைப்பு விஷயத்தில்தான் காசும் கையும் சேர்ந்து போகும். 2023ல் ஜப்பானில் நம் இந்திய வீரர் சாத்விக் சாய்ராஜ் அடித்த ஒரு ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. அந்த மாதிரிக் கை வேகத்துக்கு விறைப்பான ஷாஃப்ட் வேண்டும். கை வேகமாகச் சுழலும்போது ஷாஃப்ட் வளைந்து உடனே நேராக வேண்டும், அப்போதுதான் நினைத்த இடத்துக்குக் காக் போகும். நம் கை அந்த வேகத்தில் சுழலவில்லை என்றால் விறைப்பான ஷாஃப்ட் வளையவே வளையாது, வளையாத ஷாஃப்ட் காக்குக்கு எதையும் கூட்டித் தராது, அடியின் அதிர்ச்சி மட்டும் திரும்பி முழங்கைக்கு வரும். நான் பட்டது இது. ஒரு பெரிய விலை பேட், விறைப்பு ஷாஃப்ட், 28 பவுண்டு டென்ஷன் (நரம்பின் இறுக்கம்) போட்டு வாங்கி ஆடினேன். இரண்டாவது மாதமே காலையில் காபி டம்ளரைத் தூக்கினால் முழங்கை வெளிப்பக்கம் சுரீர் என்றது. மூன்று மாதம் கோர்ட் பக்கம் போகவில்லை. திரும்பி வந்தபோது நடுத்தர வளைவுள்ள ஷாஃப்டில், 23 பவுண்டில் ஆரம்பித்தேன், இன்றுவரை வலி வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். கடையில் சோதித்துப் பார்க்க ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் ஃபிரேம் நுனியையும் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள், இரண்டு மூன்று பேட்டை அடுத்தடுத்து வளைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். முன்னே சொன்ன பின்கோட்டுச் சோதனையில் காக் போய்ச் சேராதவர்கள் வளைகிற ஷாஃப்ட், சிரமப்பட்டுச் சேர்ப்பவர்கள் நடுத்தரம், சும்மா தட்டினாலே போகிறது என்பவர்கள் மட்டும் விறைப்பு.

தலையின் வடிவம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மேல் பக்கம் கொஞ்சம் சதுரமாக இருக்கும் ஐசோமெட்ரிக் வடிவம்தான் இப்போது எங்கும், நடுவில் படாத அடியையும் ஓரளவு காப்பாற்றித் தரும்.

கைப்பிடி அளவு ஜி4, ஜி5 என்று வரும். இதிலும் எண் கூடினால் சுற்றளவு குறையும். சந்தேகம் இருந்தால் மெல்லியதை எடுங்கள். மெல்லிய கைப்பிடியின் மேல் கிரிப் சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம், தடிமனானதைச் செதுக்க முடியாது. கை குலுக்குவது போலப் பிடித்தால் விரல் நுனிகள் உள்ளங்கையில் அழுந்தாமல் சின்ன இடைவெளி விட வேண்டும். நம் ஊரில் இதைவிடப் பெரிய பிரச்சினை வியர்வை. கத்திரி வெயில் மாதத்தில் காலை ஆறரைக்கே உள்ளரங்கில் சட்டை பிழியலாம், கை வழுக்கி பேட் பறந்துபோய் எதிரே நிற்பவர் மேல் விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். மேல் கிரிப்பை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், ரொம்ப வியர்ப்பவர்கள் துண்டுத் துணி மாதிரி இருக்கும் டவல் கிரிப் போடுங்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று சுற்று சுற்றிவிடாதீர்கள், அந்தக் கிராம் எல்லாம் கைப்பக்கம் சேர்ந்து, தேடி வாங்கிய பேலன்ஸ் மாறிவிடும்.

இனி நரம்பு. கடையில் கட் என்பார்கள், கட்டுவதைக் கட்டிங் என்பார்கள். என்னைக் கேட்டால் பேட்டில் பாதி இதுதான், ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைப் பற்றிக் கேட்பதே இல்லை. மூவாயிரம் ரூபாய் பேட்டில் நல்ல நரம்பைச் சரியான டென்ஷனில் கட்டி ஆடினால், கம்பெனியிலேயே கட்டி வந்த தளர்ந்த நரம்போடு இருக்கும் எட்டாயிரம் ரூபாய் பேட்டை விட நன்றாக ஆடலாம். பணம் அளவாக இருக்கிறது என்றால் ஃபிரேமில் குறைத்து நரம்பில் போடுங்கள்.

எனக்குக் கட்டிங் போடும் அண்ணன் ஒருத்தர் இருக்கிறார், சின்னக் கடை, பழைய மெஷின், அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பேட்டை வாங்கியதும் முதலில் நரம்பைப் பார்க்க மாட்டார். ஃபிரேமைச் சுற்றியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் குழாய்களை, கிரோமெட் என்பது அவற்றைத்தான், ஒவ்வொன்றாக நகத்தால் தடவிக்கொண்டே போவார். வெடித்திருந்தால் நிறுத்தி, பிடுங்கி, டப்பாவிலிருந்து புதுசு ஒன்றை எடுத்துச் செருகுவார். வெடித்த கிரோமெட் புது நரம்பை ஒரே வாரத்தில் அறுத்துவிடும். அப்புறம் "எவ்வளவு தம்பி?" என்பார். ஒரு முறை ஒரு காலேஜ் பையன் "முப்பது போடுங்கண்ணே" என்றான். அவர் பேட்டைத் திருப்பி, கூம்பில் போட்டிருந்த எண்ணை அவனிடமே படிக்கச் சொன்னார். 20 முதல் 26 பவுண்டு என்று இருந்தது. "முப்பது போட்டா இழுக்கிறப்பவே ஃபிரேம் படார்னு போகும், போகலேன்னாலும் உனக்குக் காக் போகாது" என்றார்.

அவர் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. டென்ஷன் ஏறினால் அடி பலமாகும் என்று நினைக்கிறோம். நேர் மாறு. தளர்ந்த நரம்பு காக் பந்தை உள்வாங்கித் தள்ளி விடும், இறுகிய நரம்பு தள்ளாது, பலத்தை நீங்களே போட வேண்டும், பதிலுக்குத் துல்லியம் தரும். அதோடு இறுக இறுக நடுவில் நன்றாகப் படும் இடமும் சுருங்கும். புதியவர்களுக்கு 20 முதல் 22, வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒழுங்காக ஆடுகிறவர்களுக்கு 23 முதல் 25. ஏற்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு கட்டிங்குக்கும் ஒரு பவுண்டு ஏற்றுங்கள், கை எங்கே போதும் என்கிறதோ அங்கே நில்லுங்கள். நரம்பின் தடிமன் பெரும்பாலும் 0.65 முதல் 0.70 மில்லிமீட்டர் வரை வரும். மெல்லியது கணீரென்று சத்தம் கொடுக்கும், சீக்கிரம் அறும். 0.70ல் வரும் யோனெக்ஸ் பிஜி65 மாதிரி ஒன்றை முதலில் போடுங்கள், விலையும் குறைவு, உழைக்கும். இதில் பெருமை பார்க்க எதுவும் இல்லை, எங்கள் செட்டில் நன்றாக ஆடுகிற இரண்டு பேர் அதைத்தான் வருஷக்கணக்காகப் போடுகிறார்கள்.

நரம்பு அறுந்துவிட்டால் ஒரு காரியம் உடனே செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் இழுவை போய், மறு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தால் ஃபிரேம் கோணும். பையில் ஒரு சின்னக் கத்திரி வைத்திருந்து, நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாக, நெடுக்கும் குறுக்கும் மாற்றி மாற்றி எல்லா நரம்பையும் வெட்டிவிடுங்கள். அறுந்த பேட்டை அப்படியே பரணில் போட்டு, பள்ளி லீவில் எடுத்துப் பார்த்தபோது முட்டை வடிவத்தில் இருந்த கதை எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு.

பேட்டை வாங்கிவிட்டு காக் மேல் பழி போடுகிறவர்களுக்காக ஒரு வரி. பிளாஸ்டிக் காக்கில் பச்சை வளையம் மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். சூடான காற்றில் காக் வேகமாகப் பறக்கும், அதனால் நம் ஊர் வெயில் காலத்துக்குப் பச்சையோ நீலமோ, சிவப்பு குளிர் தேசத்துக்கு.

எங்கே வாங்குவது? முதல் பேட்டைக் கடைக்குப் போய்க் கையில் பிடித்து வாங்குங்கள், பாண்டியோ கடலூரோ எதுவாக இருந்தாலும் சரி. அதற்கும் முன்னால் கூட ஆடுகிறவர்களிடம் கேட்டு அவர்கள் பேட்டில் ஒரு கேம் ஆடிப் பாருங்கள், ஷட்டில் ஆடுகிறவர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை, பேட்டைப் பற்றிப் பேச யாராவது கிடைக்க மாட்டார்களா என்றுதான் இருப்பார்கள். ஐந்து பேர் பேட்டில் ஆடினால் எது உங்களுக்கு ஒத்துவருகிறது என்று கையே சொல்லிவிடும், அதன் எடை, பேலன்ஸ், ஷாஃப்ட் மூன்றையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மாடல் உறுதியாகத் தெரிந்த பிறகு ஆன்லைனில் வாங்கலாம். ஆனால் பதினைந்தாயிரம் ரூபாய் பேட் நாலாயிரத்துக்கு வருகிறது என்றால் அது போலி. நான் ஒரு முறை ஏமாந்தேன். பெட்டி, உறை, ஸ்டிக்கர் எல்லாம் அச்சு அசல், மூன்றாவது வாரம் ஒரு சாதாரண அடிக்கே ஷாஃப்ட் கூம்புக்கு மேலே முறிந்தது. பெயிண்ட் விளிம்பு பிசிறடிக்கிறதா, எழுத்தில் ஏதாவது தவறு இருக்கிறதா, எண் பொறித்திருக்கிறதா வெறுமனே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், கம்ப்யூட்டர் பில் கேட்டு வாங்குங்கள். பில் தரத் தயங்கினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

அண்ணன் மகளுக்குக் கடைசியில் வாங்கியது ஒரு 5யூ, ஈவன் பேலன்ஸ், நன்றாக வளைகிற ஷாஃப்ட், ஜி5 கைப்பிடி. பேட் இரண்டாயிரத்து நானூறு, கட்டிங் தனியாக, 20 பவுண்டு. நிறம் அவளுக்குப் பிடிக்கவில்லை, திரும்பி வரும்போது அரியாங்குப்பம் தாண்டும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கோர்ட்டில் பின்கோட்டில் நிறுத்தி உயரமாக ஒரு டாஸ் கொடுத்தேன். பழைய இரும்பு பேட்டில் நெட்டைத் தாண்டினாலே பெரிய விஷயமாக இருந்த காக், எதிர்ப் பக்கத்துச் சர்வீஸ் கோட்டையும் தாண்டிப் போய் விழுந்தது. "இன்னொண்ணு போடுங்க சித்தப்பா" என்றாள்.

வாங்கியதைக் காப்பாற்றுவதற்கும் கொஞ்சம் கவனம் வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்தச் சூட்டில் நரம்பு தளர்ந்துவிடும், ஃபிரேமுக்கும் கெடுதல். ஆடி முடித்ததும் வியர்வை பட்ட இடத்தையும் கிரோமெட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஈரத் துணி கிடக்கும் பையில் போடாமல் தனியாகத் தொங்க விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் இருக்கும் ஈரத்துக்குக் கிரிப்புக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும், அந்த மாதங்களில் கிரிப்பைப் பிரித்து உள்ளே மரம் உலர்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். டபுள்ஸில் பேட்டும் பேட்டும் மோதினால் ஆட்டத்தை அப்படியே நிறுத்தி ஃபிரேமை விரலால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். முடி மாதிரி ஒரு கோடு தட்டுப்பட்டால் அதில் மறுபடி கட்டிங் போடக் கொடுக்காதீர்கள், இழுக்கும்போது உடையும். நரம்பு அறாவிட்டாலும் நாளாக ஆகத் தளரும், வாரத்துக்கு மூன்று நாள் ஆடுகிறவர் வருஷத்துக்கு மூன்று தடவையாவது மாற்றுவது எங்கள் செட்டின் கணக்கு. கட்டிங் போட்ட தேதியையும் பவுண்டையும் ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கூம்பில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை அந்த அண்ணன் "எவ்வளவு தம்பி?" என்று கேட்கும்போது அதைப் பார்த்துச் சொன்னால் போதும்.